வீட்டில் கட்டிய சிறகுகள் – 6: இழுக்க இழுக்க இறங்கியது

எழும்பியதா, இல்லையா? சென்ற வாரம் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

எழும்பியது. 1933 செப்டம்பர் 10. பிரான்சில் சுவாசோன் நகருக்குப் பக்கத்தில், பிர்ச் மரங்கள் சூழ்ந்த ஒரு திடலில், ஆன்றி மின்யே தன் கையாலேயே அறுத்து, ஒட்டி, ஆணியடித்த எச்.எம்.14 தரையை விட்டுக் கிளம்பியது. எஞ்சின் வெறும் 17 குதிரைத்திறன். முன் இறக்கையின் மொத்த நீளம் 6 மீட்டர். மூக்கிலிருந்து வால்வரை அளந்தால் நான்கு மீட்டர்கூடத் தேறாது. அன்று அந்தத் திடலில் கைதட்டக் கூட்டம் எதுவும் இல்லை. மனைவி அனெத் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்யேவுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. அடிப்படையில் ரேடியோ ஆசாமி. விமானப் பொறியியல் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. 1912இல், ஜெர்மானியர் லிலியன்தாலின் கிளைடர்களைப் பார்த்து மயங்கி முதல் பறக்கும் இயந்திரத்தைக் கட்டியவர். அதற்கு எச்.எம்.1 என்று பெயரிட்டார். தன் பெயரின் முதலெழுத்துகளையே வைத்துக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. எட்டாவது மாதிரி ஒழுங்காகப் பறந்தது. அதன் வரைபடத்தை வாங்கிப் பலரும் கட்டினார்கள். சாதாரண மனிதர் என்றால் அதோடு திருப்திப்பட்டிருப்பார். மின்யேவுக்கு மட்டும் ஓர் உறுத்தல். எட்டாம் எண் பறந்தது, சரி. அதை ஓட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கஷ்டம் என்ன என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவோம். பின்னால் வரப்போகும் மரணங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வழக்கமான விமானத்தில் பைலட்டின் கைக்கும் காலுக்கும் வேலை உண்டு. ஸ்டிக்கை முன்னும் பின்னும் அசைத்தால் மூக்கு இறங்கும், ஏறும். பக்கவாட்டில் அசைத்தால் இறக்கை ஓரங்களில் உள்ள எய்லரான் என்கிற மடிப்புகள் அசைந்து விமானம் சாயும். காலால் மிதித்தால் வாலிலுள்ள சுக்கான் திரும்பும். ஒரு திருப்பத்தில் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று இணங்கிப் போக வேண்டும். மெதுவாகப் பறக்கும்போது இணக்கம் தவறினால் ஒரு பக்கத்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். விமானம் சுழன்றுகொண்டே கீழே வரும். அந்தக் காலத்தில் எத்தனையோ கற்றுக்குட்டிகளைக் கொன்றது இந்தச் சுழல்தான்.

மின்யேவுக்கே இந்தக் கை-கால் இணக்கம் கடைசிவரை சரியாக வாய்க்கவில்லை. வேறொருவர் என்றால் இன்னும் நாலு மாதம் பயிற்சி எடுத்திருப்பார். இவர் விமானத்தை மாற்றினார்.

மிதிகளைக் கழற்றி எறிந்தார். எய்லரான்களையும் ஒழித்தார். வாலில் கிடைமட்டமாக இருக்கும் சின்ன இறக்கையும் போயிற்று. அதற்குப் பதிலாக, பைலட்டின் தலைக்கு மேலே ஓர் இறக்கை, முதுகுக்குப் பின்னால் சற்றுத் தாழ்வாக இன்னோர் இறக்கை. பின்னது அசையாது. முன் இறக்கை முழுவதுமாக ஒரு கீலில் ஆடும். அதன் பின் விளிம்பிலிருந்து ஒரு கம்பி நேராக ஸ்டிக்குக்கு வரும். ஸ்டிக்கை இழுத்தால் பின் விளிம்பு கீழே இறங்கும், இறக்கை காற்றை நோக்கி நிமிரும், மூக்கு எழும். ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் பெரிய சுக்கான் திரும்பும். இறக்கைகளின் நுனிகள் மேல்நோக்கி வளைந்திருந்ததால் சுக்கான் திரும்பியதும் விமானம் தானாகவே சாய்ந்து வளையும். அவ்வளவுதான், முழு விமானமும் ஒற்றைக் கைக்கு அடக்கம்.

இதில் மின்யேவுக்குப் பெருமை தந்தது இரண்டு இறக்கைகளுக்கும் நடுவிலிருந்த குறுகிய இடைவெளி. முன் இறக்கையின் பின் விளிம்பும் பின் இறக்கையின் முன் விளிம்பும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நின்றன. ஹோஸ் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதுபோல அந்தச் சந்தில் காற்று வேகமெடுத்துப் பின் இறக்கையின் மேல் ஓடும். எவ்வளவு மெதுவாகப் போனாலும் பின் இறக்கை தூக்கும் சக்தியை இழக்காது. ஆகவே சுழன்று விழுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதுதான் அவர் கணக்கு.

கணக்கு சரிதான். அவர் பறந்து பார்த்த வரைக்கும் சரிதான்.

1934 கடைசியில் மின்யே ஒரு புத்தகம் போட்டார். ‘லே ஸ்போர் து லேர்’, அதாவது வான் விளையாட்டு. வரைபடங்கள், அளவுகள், எந்தப் பலகை, எந்தப் பசை, எந்த ஆணி என்று அத்தனையும் அதில் இருந்தது. மெல்லிய பிளைவுட்டை வெட்டி, சட்டங்கள் வைத்து, பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையால் ஒட்டி, துணி போர்த்தி, வார்னிஷ் பூசினால் தீர்ந்தது. சாமான் அனுப்பும் மரப்பெட்டியை அடிக்கத் தெரிந்த எவருக்கும் இது முடியும் என்பது அவர் வாதம். நடுநடுவே நிபுணர்களையும் அதிகாரிகளையும் போட்டுத் தாளிக்கிறார். விமானம் என்றால் பணக்காரர்களும் ராணுவமும் மட்டும் தொடுகிற சரக்கு என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள், அதைப் பிடுங்கி உங்கள் கையில் தருகிறேன் என்கிற தொனி. பொருளாதார மந்தத்தில் நொந்துபோயிருந்த ஐரோப்பாவில் இந்தத் தொனி எப்படி எடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குட்டி விமானத்துக்கு மின்யே வைத்த செல்லப்பெயர் ‘பூ து சியேல்’, வானத்துப் பேன். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போனதும் அது பறக்கும் தெள்ளுப்பூச்சி ஆனது. இனி நாமும் தெள்ளுப்பூச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

பிரான்சில் பற்றிய தீ இங்கிலாந்தில் காட்டுத்தீயானது. அங்கே ஏர் லீக் என்றொரு அமைப்பு. மக்களுக்கு விமானப் பித்துப் பிடிக்கவைப்பதே அதன் நோக்கம். அதன் தலைமைச் செயலர் ஷாமியே, விமானப்படையில் ஏர் கமோடோராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெள்ளுப்பூச்சியைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. 1935இல் ஏர் லீக் புத்தகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டது. முதலில் அச்சடித்த 6,000 பிரதிகளும் மளமளவென்று தீர்ந்தன. கார் ஷெட்டுகளிலும் மாட்டுக்கொட்டகைகளிலும் வரவேற்பறைகளிலும் இறக்கைகள் முளைத்தன. கட்டி முடித்த பிறகு கதவு வழியே வெளியே எடுக்க முடியாமல் சுவரை உடைத்தவர் யாராவது இருந்திருப்பார்கள் என்று எனக்குள் ஒரு சந்தேகம்.

அரசாங்கமும் இறங்கி வந்தது. முறையான தகுதிச் சான்றிதழ் கேட்டால் தச்சுப் பட்டறைக்காரர் எங்கே போவார்? அதனால் பறப்பதற்கு ஓர் எளிய அனுமதிச் சீட்டு போதும் என்றார்கள். 1935 ஜூலையில் முதல் சீட்டைப் பெற்றவர் ஸ்டீஃபன் ஆப்பிள்பி என்கிற இளைஞர். லண்டனுக்கு அருகே ஹெஸ்டன் விமானத்தளத்தில் பறந்தார். சில நாட்களிலேயே வயலில் இறங்கிக் குப்புறக் கவிழ்ந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை பணம் கொடுத்தது. பேன்ஸ் என்ற கிளைடர் வடிவமைப்பாளர் இறக்கையைத் திருத்தி மறுபடி கட்டித் தந்தார். எஞ்சினுக்கு சர் ஜான் கார்டன் என்பவர் வழி சொன்னார். டாங்கி வடிவமைத்துப் பேர் வாங்கிய அந்த மனிதர் ஃபோர்டு காரின் எஞ்சினைத் தெள்ளுப்பூச்சிக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் விமான விபத்தில் இறந்தும் போனார். அது தெள்ளுப்பூச்சி இல்லை. பெரிய பயணிகள் விமானம். விதிக்கு இந்த மாதிரிக் குசும்புகள் உண்டு.

1935 ஆகஸ்ட் 13ஆம் தேதி மின்யே தன் தெள்ளுப்பூச்சியில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி லிம்ப்னி தளத்தில் இறங்கினார். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அதே கால்வாயை முதன்முதலில் விமானத்தில் தாண்டிய ப்ளேரியோவை நினைவுபடுத்தாத பத்திரிகை இல்லை. பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தெள்ளுப்பூச்சிகள் பதிவாயின. அவற்றில் பாதிக்குப் பாதி உருப்படியாகப் பறந்ததா என்பது வேறு விஷயம். புல்வெளியில் நாலு அடி தத்தி, மறுபடி உட்கார்ந்து, அதோடு ஷெட்டுக்குத் திரும்பியவை அநேகம். அவற்றைக் கட்டியவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

ஏனென்றால் நன்றாகப் பறந்தவைதான் விழ ஆரம்பித்தன.

முதலில் ஒன்றிரண்டு. அனுபவமில்லாதவர், கவனக்குறைவு, பசை சரியாக ஒட்டவில்லை என்று காரணம் சொல்ல முடிந்தது. 1936 வசந்தத்தில் அந்தச் சமாதானம் செல்லாக்காசானது. பிரிட்டனில் ஏப்ரல், மே மாதங்களில் அடுத்தடுத்து மரணங்கள். செத்தவர்களில் கற்றுக்குட்டிகள் மட்டும் இல்லை. விமானப்படையில் தேர்ந்த பைலட்டுகளும் இருந்தார்கள். அதைவிடக் கலவரப்படுத்தியது வேறொன்று. விபத்துகள் ஒன்றையொன்று நகலெடுத்ததுபோல் இருந்தன. விமானம் நல்லபடி பறந்துகொண்டிருக்கும். மூக்கைத் தாழ்த்தும். தாழ்ந்த மூக்கு திரும்ப நிமிராது. சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகும், தரைவரைக்கும் போகும். இறக்கை முறியவில்லை, எஞ்சின் நிற்கவில்லை, கம்பி அறுந்துபோகவில்லை.

பைலட் என்ன செய்துகொண்டிருந்தார்? எந்தப் பைலட்டும் செய்வதைத்தான். ஸ்டிக்கை இழுத்திருப்பார். பலம் கொண்ட மட்டும் இழுத்திருப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆகஸ்ட் 3ஆம் தேதி ராம்ஸ்கேட்டில் தெள்ளுப்பூச்சிகளுக்கென்றே சர்வதேசப் பந்தயம் நடந்தது. பிரான்சிலிருந்து வந்த எட்வார் ப்ரே ஜெயித்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. மின்யேவும் வந்திருந்தார். பித்து அவ்வளவு சுலபத்தில் தெளிவதில்லை.

ஆனால் அதற்குள் இரண்டு தெள்ளுப்பூச்சிகள் வேறு இடங்களுக்குப் பயணப்பட்டிருந்தன. பாரிஸுக்கு வெளியே ஷாலே-மெதோன் என்னுமிடத்தில் பிரெஞ்சு அரசு புதிதாக ஒரு காற்றுச் சுரங்கம் கட்டியிருந்தது. காற்று வரும் வாய் மட்டும் 16 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் 24 அடி விட்டத்தில் இன்னொன்று. அதுவும் புத்தம்புதிது. அதுவரை பெரும்பாலும் பொம்மை மாதிரி செய்துதான் சுரங்கத்தில் வைப்பார்கள். தெள்ளுப்பூச்சி அளவில் அவ்வளவு சிறியது என்பதால் முழு விமானத்தையும் அப்படியே உள்ளே நிறுத்திக் காற்றடிக்க முடிந்தது.

தராசுகளின் மேல் விமானத்தைக் கட்டினார்கள். விசிறியை ஓடவிட்டார்கள். மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஸ்டிக்கை இழுத்தும் தள்ளியும் தராசு என்ன சொல்கிறது என்று குறித்துக்கொண்டே போனார்கள். சமநிலையில் நல்ல பதில். ஐந்து டிகிரி, பத்து டிகிரி தாழ்ந்தாலும் ஸ்டிக்கை இழுத்தால் மூக்கு எழ முயன்றது. சுமார் பதினைந்து டிகிரி தாண்டியதும் பதில் நின்றுபோனது. ஸ்டிக் கடைசிவரை இழுத்த நிலை. மூக்கைத் தூக்கும் விசை இல்லை.

குற்றவாளி யார் தெரியுமா? மின்யே பெருமைப்பட்ட அதே சந்து.

ஸ்டிக்கை இழுத்தால் முன் இறக்கையின் பின் விளிம்பு கீழே இறங்கும் என்று பார்த்தோம். எங்கே இறங்குகிறது? பின் இறக்கையின் முன் விளிம்பை நோக்கி. சந்து இன்னும் குறுகுகிறது, காற்று இன்னும் வேகமெடுக்கிறது, பின் இறக்கை இன்னும் பலமாகத் தூக்குகிறது. பின் இறக்கை தூக்கினால் பின்பக்கம் மேலே போகும், மூக்கு கீழே போகும். சமநிலைப் பறப்பில் முன் இறக்கை அதைச் சமாளித்துவிடும். செங்குத்துச் சரிவில் முன் இறக்கைக்கு அந்தப் பலம் போதாது. ஆக, உயிர் பிழைக்க இழுத்த ஒவ்வோர் இழுப்பும் தரைக்கு இன்னும் நேராகக் கொண்டுபோனது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புத்தகத்தில் போட்டபடி எல்லோரும் கட்டினார்களா என்றால், இல்லை. கையில் கிடைத்த எஞ்சினை மாட்டினார்கள், கிடைத்த பலகையைப் போட்டார்கள், இருக்கையை வசதிப்படி நகர்த்தினார்கள். விமானத்தின் எடை மையம் ஆளுக்கொரு இடத்தில் நின்றது. அது பின்னால் நகர நகர, சந்தின் விளையாட்டும் வேறு விதமானது.

எனக்கு மின்யேமேல் வருத்தம் உண்டு, கோபம் இல்லை. தான் ஏறாத விமானத்தில் அடுத்தவரை ஏற்றியவர் இல்லை அவர். தெள்ளுப்பூச்சியில் மிக அதிகமாகப் பறந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் மெதுவாக, தாழ்வாக, ஒழுங்காகப் பறந்தார். விமானமும் ஒழுங்காக நடந்துகொண்டது. செங்குத்தாகப் பாய்ச்சிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நிபுணர்கள் என்று அவர் கேலி செய்த கூட்டத்துக்கு அது தோன்றியிருக்கும். வருத்தம் அங்கேதான். அதே சமயம், பெரிய கம்பெனிகளின் விமானங்களும் அந்தக் காலத்தில் விழாமல் இல்லை. அவற்றுக்காக யாரும் விமானம் கட்டுவதையே நிறுத்தச் சொல்லவில்லை.

பிரான்சில் திருத்தங்கள் செய்தார்கள். இறக்கைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மாறியது, இறக்கையின் வடிவம் மாறியது, எடை மையத்துக்கு எல்லை குறித்தார்கள். மின்யேவே புது மாதிரிகளைக் கட்டினார். திருத்திய தெள்ளுப்பூச்சிகள் பத்திரமாகப் பறந்தன. 1965இல் அவர் இறக்கும்வரை இரட்டை இறக்கை யோசனையை விடவில்லை. 1980களில் அதே யோசனையில் பிறந்த ‘பலெரி’ என்ற குட்டி விமானத்தைப் பிரெஞ்சு ராணுவமே வாங்கியது. வீட்டில் விமானம் கட்டும் பிரெஞ்சுக்காரர்களின் சங்கப் பெயரில் அவருடைய புத்தகத் தலைப்பு இன்றைக்கும் இருக்கிறது.

பிரிட்டனில் கதை வேறு. திருத்தம் வந்து சேர்வதற்குள் பெயர் கெட்டிருந்தது. அனுமதிச் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. 1939இல் கடைசிச் சீட்டும் முடிந்தது. பிறகு போர் வந்துவிட்டது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1930களின் முடிவில் அமெரிக்காவின் விமான விதிகள் வீட்டில் கட்டிய விமானத்தைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டன. மேற்கு ஓரத்தில் ஓரிகான் மாநிலம் மட்டும் விதிவிலக்காக நின்றது. அங்கே ஒரு சிறு கூட்டம் விடாப்பிடியாகக் கட்டிக்கொண்டும் பறந்துகொண்டும் இருந்தது. போர் முடிந்ததும் அவர்களில் ஒருவரான ஜார்ஜ் போகார்டஸ் ஒரு முடிவுக்கு வந்தார். கடிதம் எழுதிப் பயனில்லை, நேரில் போய்விடலாம். எதில்? வீட்டில் கட்டிய விமானத்தில்தான். பெயர் ‘லிட்டில் ஜி பி’. ஒற்றை இருக்கை, 65 குதிரைத்திறன். போக வேண்டிய இடம் நாட்டின் மறுகரையிலிருந்த வாஷிங்டன். நடுவில் ராக்கி மலைத்தொடர். போய்ச் சேர்ந்தால் சந்திக்க வேண்டியவர்கள், அந்த விதிகளைக் கையில் வைத்திருந்த அதே அதிகாரிகள்.

1947இல் போகார்டஸ் கிளம்பினார். அவருடன் நாமும் அடுத்த வாரம் ஓரிகானிலிருந்து புறப்படுவோம்.

(தொடரும்)